பழைய புல்லட்டின் அளவுகாட்டிகள்: பழுதறியும் பாடம்

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களில் நூற்கட்டை ஏற்றி வருவதற்கும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் கீரைக்கட்டையும் காய்கறிக் கூடையையும் விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், நம் அங்கத்தினர் பலர் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளையே இன்றும் நம்பியிருக்கின்றனர். இவ்வண்டியின் எஞ்சினைப் பற்றி அறிந்தோர் ஊருக்கு ஒருவராவது உளர். ஆனால் அதன் முகப்பில் உள்ள அளவுகாட்டிகளைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. வேகமானியின் ஊசி ஆடினாலும், அம்மீட்டரின் ஊசி அசையாது நின்றாலும், "அது கிடக்கட்டும், வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அவ்வாறு விடுவதனால் நேரும் நட்டம் யாது, பழுது இன்ன இடத்தில் உள்ளது என்று படிப்படியாய்க் கண்டறிவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

வண்டியின் வரலாறு

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். 1950-களின் தொடக்கத்தில், எல்லைக் காவலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் என்று இந்தியப் படையினருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 350 சி.சி. புல்லட். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களை இங்கே பூட்டினர். 1962 அளவில் உறுப்புக்கள் யாவும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய்வீட்டில் உற்பத்தி நின்ற பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து செய்யப்பட்டதோடு, 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தைச் சேர்ந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அப்பழைய வண்டிகளே இங்கு நாம் கருதுவன. அவற்றின் அமைப்பு எளியது. கையில் இரண்டு ஸ்பேனரும், ஒரு சோதனை பல்பும், சிறிது பொறுமையும் உள்ள எவரும் கற்றுக்கொள்ளத் தக்கது.

அவ்வண்டியின் ஹெட்லைட்டைத் தாங்கும் உலோக முகப்பிலேயே இரு அளவுகாட்டிகள் அமைந்துள்ளன. ஒன்று வேகமானி, அதனுள்ளேயே ஓடிய தூரத்தைக் கணக்கிடும் தூரமானியும் அடங்கும். மற்றொன்று அம்மீட்டர், பாட்டரிக்குள் மின்சாரம் செல்கிறதா, பாட்டரியிலிருந்து வெளியேறுகிறதா என்பதைக் காட்டுவது. பெட்ரோல் அளவைக் காட்டும் கருவி அப்பழைய வண்டிகளில் இல்லை. அதனால் தூரமானியே பெட்ரோல் கணக்குக்கும் ஆதாரமாகின்றது.

ஏன் அசட்டை கூடாது?

ஒரு சங்கத்துக்குச் சொந்தமான வண்டி ஒன்று உள்ளதாகக் கொள்வோம். நூல் கொண்டுவரும் ஊழியர் நாள்தோறும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வண்டி லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கிறது. தூரமானி திங்கட்கிழமை நின்றுபோகிறது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வியாழன் மாலை வரை ஓட்டுகிறார். 200 கிலோமீட்டர் ஓட்டம் பதிவேட்டில் ஏறவில்லை. ஆனால் ஏறத்தாழ 6 லிட்டர் பெட்ரோலுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. ஆண்டு முடிவில் தணிக்கை செய்வோர் அவ்விடத்தில் சிவப்புக் கோடு இடுவர். பழுது கருவியினுடையது; பழியோ மனிதன்மேல் விழுகிறது. நேர்மையான ஊழியர் ஒருவரின் பெயர், அறுந்துபோன ஒரு கேபிளால் கெடுவது எவ்வளவு கொடியது! சொந்த வண்டி வைத்து, ஓடிய தூரத்துக்குப் படி வாங்கும் அங்கத்தினருக்கும் இது பொருந்தும்.

அம்மீட்டரின் செய்தி இதனினும் அவசரமானது. பாட்டரி ஏறவில்லை என்பதை அது முன்னரே அறிவித்தும் நாம் பாராதிருந்தால், இரவில் பாரம் ஏற்றி வரும்போது ஹெட்லைட் மங்கி அணையும். கண்டெய்னர் லாரிகள் வரிசையாய் நிற்கும் எண்ணூர்ச் சாலையில் விளக்கற்று வருவதன் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடிப்படை விதி

அளவுகாட்டி ஒரு தூதன் போன்றது. அது தவறான செய்தி காட்டினால் மூன்று காரணங்களுள் ஒன்றே இருத்தல் வேண்டும். தூதனே பொய்யனாக இருக்கலாம். அஃதாவது கருவியே கெட்டிருக்கலாம். செய்தி வரும் வழி அடைபட்டிருக்கலாம். அஃதாவது கேபிளோ வயரோ பழுதாகியிருக்கலாம். மூன்றாவதாக, செய்தி மெய்யாகவே இருக்கலாம். அஃதாவது நோய் வண்டியில் இருக்க, கருவி அதை உள்ளவாறே உரைக்கலாம். பலர் இம்மூன்றையும் பிரித்து நோக்காது முதலில் கருவியையே மாற்றுகின்றனர். புதிய கருவியும் பழைய செய்தியையே சொல்லும்போது திகைக்கின்றனர். தறியில் இழை அறுந்தால் தறியையா மாற்றுகிறோம்? அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். எளிதில் பார்க்கக்கூடியதையும் விலை குறைந்ததையும் முதலில் சோதித்து, கருவியைக் கடைசியில் ஐயுறுதல் வேண்டும்.

வேகமானி வேலை செய்யும் விதம்

முன்சக்கரத்தின் ஹப்பில் சிறு பற்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. சக்கரம் சுழலும்போது அது உள்கேபிளைச் சுழற்றும். கேபிள் வேகமானியின் அடியில் நுழைந்து, அங்குள்ள ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்து, அதைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று அமைந்திருக்கிறது. காந்தம் சுழலச் சுழலக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் உடன் திரும்ப முயலும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதனைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் ஊசி நிற்கும், அதுவே வேகம். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-இல் உரிமை பெற்ற அமைப்பு இது. தூரமானியோ காந்தத்தை நம்புவதன்று. அது பற்சக்கரங்களால் கேபிளோடு நேரே பிணைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் பாதிப் பழுதுகளை வண்டியைத் தொடாமலே கூறிவிடலாம்.

மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் கடிகாரம் போன்ற வேறொரு அமைப்பு உண்டு. அதில் ஊசி சீராக ஏறாமல் தாவித் தாவி ஏறும். அது பழுதன்று, அதன் இயல்பு.

குறிகளும் காரணங்களும்

1. ஊசியும் அசையவில்லை, தூரமும் ஏறவில்லை எனின், கேபிள் அறுந்திருக்கலாம். அதன் நுனி கழன்றிருக்கலாம். ஹப்பில் உள்ள பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். கருவி பெரும்பாலும் குற்றமற்றது.

2. தூரம் ஏறுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை எனின், கேபிள் நன்றாயிருக்கிறது என்பது உறுதி. பழுது கருவிக்குள்ளே உள்ளது.

3. ஊசி அசைகிறது, தூரம் ஏறவில்லை எனினும் பழுது கருவிக்குள்ளேயே. தூரமானியின் பற்சக்கரம் உடைந்தோ வழுக்கியோ இருக்கும்.

4. ஊசி ஓயாது நடுங்குகிறது எனின், உள்கேபிள் வறண்டிருக்கும் அல்லது எங்கேனும் மடங்கியிருக்கும். வெளிக்குழாய் கூர்மையாக வளைந்திருந்தாலும் நடுங்கும்.

5. ஊசி திடீரென மேலே பாய்ந்து, மெய்யான வேகத்தைவிட மிகுதியாகக் காட்டுகிறது எனின், கிரீஸோ எண்ணெயோ கேபிள் வழியே ஏறிக் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே புகுந்திருக்கலாம்.

6. ஊசி சீராக ஏறுகிறது, ஆனால் எப்போதும் குறைத்தே காட்டுகிறது எனின், காந்தம் வலுக் குன்றியிருக்கலாம். எப்போதும் கூட்டிக் காட்டுமாயின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம்.

7. கீச்சென்ற ஒலி கேட்கிறது எனின், கருவியின் அடியில் கேபிள் நுழையும் புஷ் வறண்டிருக்கும். உடனே கவனியாவிடின் கருவி இறுகிக் கேபிளையும் முறித்துவிடும்.

சோதிக்கும் முறை

வண்டியை மேடான தரையில் நிறுத்தாமல் சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்துக. எஞ்சினின் அடியில் உறுதியான மரக்கட்டையை வைத்து முன்சக்கரம் தரையைத் தொடாது தூக்குக. ஒருவர் பின்புறத்தைப் பிடித்துக்கொள்வது நலம்.

முதற்படி: வேகமானியின் அடியில் கேபிளைப் பிணைக்கும் நட்டைக் கழற்றிக் கேபிளை வெளியே எடுக்க. முன்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றுக. உள்கேபிளின் நுனி சுழல்கிறதா என்று பார்க்க. சுழன்றால் வழி நன்று, கருவியையே ஐயுறலாம். எத்திசையில் சுழல்கிறது என்பதையும் குறித்துக்கொள்க.

இரண்டாம்படி: நுனி சுழலவில்லையாயின் உள்கேபிளை மேலிருந்து உருவுக. முழுதாய் வராமல் பாதியாய் வந்தால் கேபிள் அறுந்துள்ளது. எஞ்சிய துண்டைக் கீழ்ப்பக்கத்தால் எடுக்கலாம். முழுதாய் வந்தால் இரு நுனிகளிலும் உள்ள சதுரம் உருண்டை வடிவாய்த் தேய்ந்துள்ளதா எனப் பார்க்க. தேய்ந்த சதுரம் பிடிப்பற்று வழுக்கும்.

மூன்றாம்படி: கேபிள் நன்றாயின் ஹப்பின் பற்சக்கரப் பெட்டியைச் சோதிக்க. அதில் உள்ள இரு நாக்குகள் ஹப்பின் பள்ளங்களில் அமர்ந்து சுழல வேண்டும். பஞ்சர் ஒட்டிய பின் சக்கரத்தை அவசரமாகப் பூட்டும்போது நாக்குகள் பள்ளத்தில் அமராமல் நசுங்குவதுண்டு. பஞ்சர் ஒட்டிய மறுநாளே வேகமானி நின்றதாயின் முதலில் இவ்விடத்தையே பார்த்தல் வேண்டும்.

நான்காம்படி: கருவியைச் சோதிக்கப் பழைய உள்கேபிளின் துண்டு ஒன்றைக் கருவியின் அடித்துளையில் செருகி, முன்னே குறித்த திசையில் விரல்களால் விரைந்து சுழற்றுக. ஊசி சற்றேனும் துள்ளித் திரும்ப வேண்டும். துள்ளினால் உயிர் இருக்கிறது. சுழற்றவே முடியாதபடி இறுகியிருந்தால் கருவியைக் கழற்றி, மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே தக்கது. விளிம்பு மடித்துப் பூட்டப்பட்ட கருவியை நாமே நெம்பித் திறப்பது கண்ணாடிக்கும் சுருள்வில்லுக்கும் கேடு.

கேபிளுக்கு மருந்து

உள்கேபிளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சமமான மேசையின்மேல் இட்டு உருட்டுக. எவ்விடத்தில் துள்ளுகிறதோ அவ்விடத்தில் அது மடங்கியிருக்கிறது; அதனைப் பயன்படுத்தலாகாது. நன்றாயிருப்பின் விரல்களில் சிறிது கிரீஸ் எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவுக. மேல்நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிரீஸ் தடவாது விடுக. சுழலும் கேபிள் கிரீஸைத் தானே மேல்நோக்கி ஏற்றும் இயல்புடையது; தாராளமாகத் தடவினால் அது கருவிக்குள் புகுந்து ஐந்தாவதாகக் கூறிய பழுதை உண்டாக்கும். மருந்தே நஞ்சாவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கேபிளைப் பூட்டும்போது வளைவுகள் அகன்றிருத்தல் வேண்டும். புல்லட்டில் வேகமானி முன்ஃபோர்க்கோடு சேர்ந்தே திரும்புவதால், ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபடுவதில்லை. ஆனால் பள்ளத்தில் ஃபோர்க் இறங்கி ஏறும்போது கேபிள் வளைந்து நிமிரும். அதற்கு இடமளியாது இறுகக் கட்டுவோர் தாமே அதை முறிக்கின்றனர்.

கருவி மெய் சொல்கிறதா?

கைக்கடிகாரமும் கிலோமீட்டர்க் கல்லும் இருந்தால் வேகமானியை எவரும் சோதிக்கலாம். போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில், பகல் வெளிச்சத்தில், பின்னால் அமர்ந்தவர் கடிகாரத்தைப் பார்க்க, ஊசி 40-இல் நிற்குமாறு ஒரே சீராக ஓட்டுக. ஒரு கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர்க் கல் வரை எத்தனை விநாடிகள் ஆயின என்று எண்ணி, 3,600-ஐ அவ்விநாடிகளால் வகுக்க. வரும் ஈவே மெய்யான வேகம். 90 விநாடிகள் ஆயின் வேகம் 40. 100 விநாடிகள் ஆயின் 36. 80 விநாடிகள் ஆயின் 45. ஓட்டுபவரே கடிகாரத்தைப் பார்ப்பது ஆகாது.

தூரமானியைச் சோதிக்கப் பத்துக் கற்கள் ஓடுக. 10 கிலோமீட்டருக்குத் தூரமானி 9.4 மட்டுமே காட்டினால், அதன் கணக்கை 10-ஆல் பெருக்கி 9.4-ஆல் வகுத்து மெய்யான தூரத்தைப் பெறலாம். அதாவது பதிவேட்டில் 470 என்றிருந்தால் மெய்த்தூரம் 500. வேறு மாதிரி வண்டியின் கருவியைப் பொருத்தினாலும், முன்சக்கரத்து டயரின் அளவை மாற்றினாலும் இத்தகைய வேறுபாடு தோன்றும். டயர் சிறிதாயின் அதே தூரத்துக்குச் சக்கரம் மிகுதியாகச் சுழலும். ஆதலால் கருவி கூட்டிக் காட்டும்.

மற்றொன்றும் கருதத் தக்கது. இந்தியாவில் எடை அளவைத் தரச்சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, பின்னர்ப் படிப்படியாகவே மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. மிகப் பழைய கருவிகளில் மைல் எண்களே காணப்படும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். பழைய மைல் கருவியைக் கிலோமீட்டர்க் கருவி என்று கருதிப் பெட்ரோல் கணக்கு எழுதினால், நல்ல வண்டியும் பெட்ரோலைக் குடிக்கும் வண்டியாகத் தோன்றும்.

அம்மீட்டர்

அம்மீட்டரின் நடுவில் சுழியம் உண்டு. ஒருபுறம் ஏற்றம், மறுபுறம் இறக்கம். பாட்டரிக்குப் போகும் மின்சாரமும் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரமும் இதன் வழியாகவே செல்கின்றன. சங்கத்தின் வாயிலில் வரவு செலவு இரண்டையும் எழுதும் எழுத்தர் போன்றது இது. இது பாட்டரியில் இருக்கும் இருப்பைக் காட்டுவதன்று. அந்நேரத்து வரவையோ செலவையோ மட்டும் காட்டுவது. இவ்வேறுபாட்டை அறியாதோர், ஊசி நடுவில் நிற்பதைக் கண்டு பாட்டரி தீர்ந்துவிட்டது என அஞ்சுவர். வரவும் செலவும் சமமாயின் ஊசி நடுவிலேயே நிற்கும்.

எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால் ஊசி இறக்கப் பக்கம் சாய்வதும், சில வேளை சாயாதிருப்பதும் உண்டு. பாயிண்ட் மூடியிருந்தால் காயிலுக்கு மின்சாரம் செல்லும், ஊசி சாயும். பாயிண்ட் பிரிந்திருந்தால் ஊசி நடுவில் நிற்கும். பழகிய ஓட்டுநர் இதனைக் கொண்டே கிக்கரை உதைக்கும் தருணத்தை அறிவர். கிக்கரை மெல்ல அழுத்திச் செல்லும்போது ஊசி சாய்வினின்று நடுவுக்குத் திரும்பினால், பாயிண்ட் பிரிந்தது, பிஸ்டன் மேலெல்லையை நெருங்கிவிட்டது என்பது பொருள். டீகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றே கடத்திவிட்டுப் பின் முழுமையாக உதைத்தால் எஞ்சின் எளிதில் பிடிக்கும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும் அபாயமும் குறையும். ஆகவே அம்மீட்டர் பழுதானால் காலுக்கும் துணை ஒன்று போயிற்று.

அம்மீட்டரைச் சோதித்தல்

அம்மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதைக் கணக்கால் அறியலாம். பல்பின் வாட்டை பாட்டரியின் வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 6 வோல்ட் வண்டியில் 24 வாட் ஹெட்லைட் 4 ஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட் வண்டியில் 36 வாட் எரிந்தால் 3 ஆம்பியர். எஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் பிரிந்த நிலையில் ஹெட்லைட்டை இட்டு, ஊசி கணக்குக்கு ஒத்து இறக்கப் பக்கம் சாய்கிறதா என்று பார்க்க. ஏற்றப் பக்கம் சாய்ந்தால் கருவியின் இரு வயர்களும் இடம் மாறியுள்ளன.

விளக்கும் ஹாரனும் நன்றாக இயங்க, ஊசி மட்டும் அசையாதிருந்தால், ஊசி சிக்கியிருக்கிறது, மின்வழி அறவில்லை. விளக்கு, ஹாரன், காயில் யாவும் ஒருங்கே இறந்துபோயின், பியூஸையும் பாட்டரி முனைகளையும் முதலில் பார்க்க. அவை நன்றாயின் அம்மீட்டருக்குள்ளேயே வழி அறுந்திருக்கலாம். அதனை உறுதிப்படுத்தப் பாட்டரி வயரை முதலில் கழற்றிவிட்டு, அம்மீட்டரின் பின்னுள்ள இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றுக. பின் பாட்டரி வயரைப் பூட்டினால் யாவும் உயிர் பெறுமாயின் குற்றம் அம்மீட்டருடையதே. வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்ப்பதற்கும் இம்முறை உதவும்.

எஞ்சின் ஓடியும் ஊசி ஏற்றப் பக்கம் வரவில்லையாயின், கருவி பொய் சொல்கிறதா என்பதை வோல்ட்மீட்டர் தீர்த்து வைக்கும். அதனைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க. ஏறிய பாட்டரி ஓய்வில் 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 12.6-உம், 6 வோல்ட் வண்டியில் 6.3-உம் காட்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டால் முறையே 14-க்கு அருகிலும் 7-க்கு அருகிலும் உயர வேண்டும். உயர்ந்தால் மின்னேற்றம் நடக்கிறது, அம்மீட்டரே குற்றவாளி. உயராவிடின் அம்மீட்டர் மெய்யே கூறிற்று. ஆல்ட்டர்னேட்டர், ரெக்டிபயர், இவற்றை இணைக்கும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் எரிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஊசி சற்றே இறக்கம் காட்டுவது பழைய வண்டிகளுக்கு இயல்பு. வேகம் கூடியும் இறக்கம் மாறாவிடினே நோய் எனக் கொள்க.

சாவியை எடுத்த பின்னும் ஊசி சிறிதளவு இறக்கத்தில் நிற்பின், பாட்டரி வயரைக் கழற்றுக. ஊசி நடுவுக்கு வந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பெரும்பாலும் ரெக்டிபயரிலோ தோல் உரிந்த வயரிலோ. அப்போதும் நடுவுக்கு வராவிடின் ஊசியே இடம் பெயர்ந்துள்ளது. ஊசி திடீரென இறக்கத்தின் கடைசிக்குப் பாய்ந்தால் ஆராயத் தங்குதல் ஆகாது. உடனே வண்டியை நிறுத்திப் பாட்டரி வயரைக் கழற்றுக. வயர் உடம்பைத் தொட்டுப் பற்றி எரியும் நிலை அது; மேலே பெட்ரோல் டாங்க் இருப்பதை மறவற்க. ஊசி மணிக்கணக்காக உயர்ந்த ஏற்றத்திலேயே நிற்பதும் நன்றன்று. பாட்டரியின் தண்ணீர் கொதித்து வற்றும். பாட்டரியின் அறை ஒன்று செத்திருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

அம்மீட்டரை ஒருபோதும் பாட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துச் சோதிக்கலாகாது. அது நேர்வழிக் கருவி. குறுக்கே வைத்தால் கணத்தில் எரியும். அம்மீட்டருக்குப் பதிலாக வோல்ட்மீட்டரைப் பொருத்த விரும்புவோர், பழைய இரு வயர்களையும் ஒன்றாகப் பிணைத்த பின்னரே வோல்ட்மீட்டரைத் தனி வயரால் இணைக்க வேண்டும்.

கடற்காற்றின் வேலை

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிகளில் வாழ்வோர்க்கு மேலும் ஒரு பகை உண்டு, அது உப்புக்காற்று. செம்பு வயரின் நுனியிலும் பித்தளை முனையிலும் பச்சைக் களிம்பு படியும். பல்பைத் தாங்கும் இடம் துருப்பிடிக்கும். உலோக முகப்பின் வழியே திரும்ப வேண்டிய எர்த் தடைப்படும். அப்போது ஊசி துடிப்பதும், ஹெட்லைட் மங்குவதும், வேகமானிக்கு வெளிச்சமிடும் சிறு பல்பு எரியாததும் ஒருங்கே நிகழும். மூன்று கருவிகளும் ஒரே நாளில் கெடுவது அரிது. மூன்றும் ஒருங்கே கெட்டதாகத் தோன்றினால் எர்த்தையே ஐயுறுக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக்கு முன், பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, நட்டுகளை இறுக்கி, மேலே சிறிது வாசலைன் பூசினால் போதும். பழைய வண்டிகளுள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையும், பிற்காலத்தவற்றில் எதிர்முனையும் எர்த் ஆகும். கழற்றுமுன் எது எங்கிருந்தது எனக் குறித்துக்கொள்ளாது மாற்றிப் பூட்டினால் ரெக்டிபயர் கெடும்.

கருவி நின்ற நாளில் செய்ய வேண்டுவன

தூரமானி நின்றது தெரிந்த அன்றே, சங்கத்தின் ஓட்டப் பதிவேட்டில் நாள், நேரம், நின்ற எண் மூன்றையும் எழுதிச் செயலாளரின் கையொப்பம் பெறுக. பழுது நீங்கும் வரை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சென்றது என்பதை எழுதி, முன்னே பதிவான அவ்வழித் தூரத்தையே கணக்கிடுக. புதிய கருவி பொருத்தினால் பழைய கருவியின் இறுதி எண்ணையும் புதியதன் தொடக்க எண்ணையும் அடுத்தடுத்து எழுதுக. இவ்வளவு செய்தால் எந்தத் தணிக்கையிலும் எவரும் தலைகுனிய நேராது.

தூரமானி இல்லாத நாட்களில் பெட்ரோலுக்கு ரிசர்வ் குழாயே காவல். ரிசர்வுக்குத் திருப்பிய பின் பெட்ரோல் நிரப்பியதும் குழாயை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்ப மறவற்க. மறந்தவருக்கு அடுத்த முறை முன்னறிவிப்பு இராது. வண்டி நிற்கும்போதே தெரியும்.

பயிற்சி

அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றை முதலில் தாமே எண்ணிப் பார்த்து, பின்னர் விடைகளோடு ஒப்பிடுக.

வினா 1: பஞ்சர் ஒட்டிய மறுநாள் ஊசியும் தூரமும் நின்றன. எதை முதலில் பார்ப்பீர்?
வினா 2: ஊசி 50 காட்டுகிறது, ஒரு கிலோமீட்டருக்கு 80 விநாடிகள் ஆகின்றன. கருவி எவ்வாறு பிழைக்கிறது?
வினா 3: எஞ்சின் ஓடும்போது அம்மீட்டர் ஏற்றம் காட்டவில்லை, பாட்டரியில் 14 வோல்ட் உள்ளது. எதை மாற்ற வேண்டும்?

விடைகள்: முதலாவதற்கு, ஹப்பில் உள்ள பற்சக்கரப் பெட்டியின் நாக்குகள். இரண்டாவதற்கு, மெய்யான வேகம் 45. கருவி 5 கிலோமீட்டர் கூட்டிக் காட்டுகிறது. மூன்றாவதற்கு, 12 வோல்ட் வண்டியாயின் பாட்டரிக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. முனைகளைத் துடைத்து இறுக்கியும் ஊசி அசையாவிடின் அம்மீட்டரை மட்டும் மாற்றினால் போதும். ஆல்ட்டர்னேட்டருக்கும் பாட்டரிக்கும் வீண்செலவு செய்ய வேண்டுவதில்லை.

வேகமானியின் கேபிள், இன்சுலேஷன் டேப், ஒரு சோதனை பல்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சங்க வண்டியின் பெட்டியிலும் வைத்திருத்தல் நலம்.